நலம் விசாரித்த மோட்டார்

பேப்பர் படிப்பதில் ஜோதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செல்போன் வெடித்தது, மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது, வாஷிங் மெஷினில் ஷாக் அடித்தது என்று செய்தி வந்தால், நாமெல்லாம் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஊரையும் பேரையும் தேடுவோம். அவள் கண் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகும். 'இதுகுறித்து நிறுவனத்தின் தரப்பில் கூறியதாவது' என்று தொடங்கும் அந்த நாலு வரிதான் அவளுக்குச் செய்தி. படித்துவிட்டு, இப்படி எழுதினால் எவன் நம்புவான் என்று உதட்டைப் பிதுக்குவாள். சில நாள், கெட்டிக்காரி எவளோ எழுதியிருக்கிறாள் என்று மெச்சிக்கொள்வாள். அடிபட்டவர் பிழைத்தாரா என்று மேலே போய்ப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

குறை சொல்லவும் முடியாது. அவள் பிழைப்பு அப்படி. சங்ககிரியில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே, விவசாய மோட்டாருக்கு செல் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே அவள்தான் மக்கள் தொடர்பு அலுவலர். பெயர்தான் பெரிது. பேப்பர்காரர்களுக்குச் செய்தி எழுதிக் கொடுக்க வேண்டும், விவசாயக் கண்காட்சியில் கடை போட்டால் மைக் பிடிக்க வேண்டும், யூடியூபில் யாராவது வாய்க்கு வந்தபடி திட்டினால் கோபப்படாமல் பதில் போட வேண்டும். பூச வேண்டிய இடத்தில் பூசி, மெழுக வேண்டிய இடத்தில் மெழுகுகிற வேலை.

செல் ஸ்டார்ட்டர் என்பது ஒரு பெட்டி. மோட்டார் ரூமில் மாட்டி வைப்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி இருந்த இடத்திலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டால் பெட்டி எடுத்துப் பேசும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். கரண்ட் எப்போது வரும் என்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு பாம்புக்கும் பல்லிக்கும் நடுவே கிணற்று மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்குள் பேசுவது ஜோதியின் குரல்.

அவள் அப்பா லாரிக்குப் பாடி கட்டுகிறவர். பட்டறைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வளர்ந்ததால் அவளுக்குத் தெளிவான குரல் வாய்த்தது. சேலத்தில் எம்.ஏ. தமிழ் படித்தாள். படித்து முடித்த கையோடு விளம்பர ஆட்டோவுக்குக் குரல் கொடுக்கப் போனாள். ஆடித் தள்ளுபடி, கோயில் கும்பாபிஷேகம், காணாமல் போன எருமை எல்லாவற்றையும் அவள்தான் தெருத் தெருவாக அறிவித்தாள். கல்யாணம் மட்டும் அறிவிக்கப்படாமலே போயிற்று. முதலில் ஜாதகத்தில் ஏதோ கட்டம் சரியில்லை என்று தள்ளிப்போனது. பிறகு வந்த மாப்பிள்ளைகளை அவளே தள்ளினாள். அப்புறம் யாரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் திருப்பூரோடு திருப்பூராக ஆகிவிட்டான். இப்போது நாற்பத்து மூன்று வயதில், பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் அவள் ஒருத்திதான்.

நாளெல்லாம் அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். நிருபர்கள், டீலர்கள், திட்டுகிறவர்கள். ஒரு போன்கூட அவளுக்காக வருவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை ஆபீசில் முதல் போனை எடுக்கும்வரை வாய் திறக்க வேலை இருக்காது. அந்த முதல் 'வணக்கம்' கரகரவென்று வரும். தனிமை பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வாள். பழகவெல்லாம் இல்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது சில நாள் அழுகை வரும்.

ஆனால் அவள் குரல் மட்டும் ஊர் ஊராகக் குடும்பம் நடத்தியது. இடைப்பாடி, ஓமலூர், ராசிபுரம், பரமத்தி என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மோட்டார் ரூமில் அது இருக்கும்.

கம்பெனி முதலாளி ஜெயபிரகாஷ், அவளைவிட இளையவர், நல்ல மனுஷன்தான். மற்ற கம்பெனிப் பெட்டியெல்லாம் 'மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கிறது' என்று பாடப்புத்தகம் படிக்கும்போது, நம்முடையது நம்மூர்ப் பேச்சு பேசட்டும் என்றார். அப்படித்தான் "மோட்டாரு ஓடுதுங்க", "கரண்டு இல்லீங்க", "தண்ணி கொறஞ்சு போச்சுங்க" எல்லாம் வந்தன. ஒலிப்பதிவு அன்று ஜோதிக்கு ஒரு யோசனை தோன்றியது. மோட்டாரை நிறுத்தியதும் வருகிற வரிக்குப் பின்னால் ஒரு கேள்வியை ஒட்டினாள். "மோட்டார நிறுத்தீட்டனுங்க. நீங்க சாப்டீங்களா?"

அவ்வளவுதான். 'விவசாயியை நலம் விசாரிக்கும் மோட்டார்' என்று அவளே தலைப்பும் போட்டு அனுப்பிய செய்தியை ஒரு பேப்பர் விடாமல் எல்லாம் போட்டன. கண்காட்சியில் ஜனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே வரிசையில் நின்று சிரித்தார்கள். பெட்டி நன்றாக விற்றது. ஒரு வரியால் ஒரு பொருளைத் தூக்கி நிறுத்திய பெருமை ஜோதிக்கு நிறையவே இருந்தது.

இந்தக் கோடையில்தான் அந்த வீடியோ வந்தது. போட்டவன் பெயர் மதியழகன். கொங்கணாபுரம் பக்கத்துப் பையன். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் வேலை, இருப்பது சத்தீஸ்கரில். பின்னால் வண்டி அலறிக்கொண்டிருக்க, தலையெல்லாம் செம்மண் புழுதியோடு நின்று பேசினான்.

"எங்கப்பா தோட்டத்துல ஒத்தையில இருக்கறாருங்க. அவருக்குச் சிரமம் வேண்டாம்னுதான் இந்தப் பெட்டிய வாங்கி மாட்டினேன். மோட்டாரு தானா ஓடுது, தானா நிக்குது. நான் இங்க போன்ல பாக்கறேன், ஓடுது நிக்குது ஓடுது நிக்குதுன்னு மெசேஜு வந்துட்டே இருக்குது. ரெண்டு வாட்டி மோட்டாருக்குள்ள காயில் எரிஞ்சு போச்சு. கேட்டா அப்பா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்கறாரு. கம்பெனிக்காரங்க பதிலே சொல்றதில்ல. யாரும் வாங்கி ஏமாறாதீங்க."

வீடியோ வாட்ஸ்அப்பில் காட்டுத்தீயாகப் பரவியது. டீலர்கள் போனில் கத்தினார்கள். நிருபர்கள், "அக்கா, உங்க தரப்பு என்னங்கக்கா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் இந்த முறை கம்பெனியே ஆடிப்போயிற்று.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் கதிர், கம்ப்யூட்டரில் அலசிவிட்டு வந்து சொன்னான். "தானா எதுவும் ஓடலீங்க. ஒவ்வொரு வாட்டியும் அந்தப் பெரியவரோட சொந்த போன்ல இருந்துதான் கால் வந்திருக்குது. அவரே போடறாரு, அவரே நிறுத்தறாரு. சில நாள் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா. அப்படிப் போட்டா எந்த மோட்டாருதான் தாங்கும்?"

ஜெயபிரகாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களாக்கா? அவரே கெடுத்துப்போட்டு நம்ம தலையில கட்டறாங்க. மறுப்பு போடுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பேப்பருக்கும் போயிரணும்."

எழுதுவது ஜோதிக்குப் பெரிய காரியம் இல்லை. 'சாதனத்தில் எந்தக் குறையும் இல்லை, வாடிக்கையாளரின் தவறான பயன்பாடே காரணம்' என்று மனசுக்குள் பாதி எழுதியாகிவிட்டது. ஆனால் அவளுக்கு ஒரு வழக்கம். வாடிக்கையாளர் மேல் பழி போகிற அறிக்கை என்றால், அந்த ஆளை ஒரு முறை நேரில் பார்க்காமல் அனுப்ப மாட்டாள். நியாயத்துக்காக என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பி அடிக்கிற ஆளா, அழுகிற ஆளா என்று தெரிந்தால்தான் வார்த்தையை அளந்து போட முடியும் என்பதற்காக. முதலாளியிடம் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு, மறுநாள் தனியாக பஸ் ஏறினாள்.

கொங்கணாபுரம் தாண்டி இறங்கி, வண்டித்தடத்தில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. இருபுறமும் மரவள்ளிக் காடு. அங்கெல்லாம் ஊர் என்று சேர்ந்தாற்போல எதுவும் கிடையாது. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். மதியழகனின் அப்பா பெரியசாமியின் வீடு கடைசியில் இருந்தது. கிளுவை வேலிக்குப் பக்கத்தில் வந்தபோது அவளுக்குத் தன் குரலே கேட்டது.

"மோட்டாரு ஓடுதுங்க."

வேலி இடுக்கு வழியாகப் பார்த்தாள். மோட்டார் ரூம் நிழலில் ஒரு கல்லின்மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். தோளில் துண்டு, கையில் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் முன்பே மறுபடி அமுக்கினார்.

"மோட்டார நிறுத்தீட்டனுங்க. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சுங்க," என்றார் அவர்.

ஜோதி வேலிக்கு இன்னும் கிட்டே போனாள்.

"காலைல கூழு. மத்தியானத்துக்குக் கத்திரிக்காக் கொழம்பு வெச்சேன். எங்கூட்டுக்காரி அத்தாயி வெக்கறாப்புல வரலீங்க. அவ என்னத்தப் போடுவாளோ, கேட்டு வெச்சுக்கல. உப்பு ஒரு கை கூடிப்போச்சு, அதுக்கென்ன, தின்னாச்சு." நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மரவள்ளியைப் பார்த்தார். "நேத்துப் பையன் பேசினானுங்க. நல்லாருக்கறேன்னு சொல்லி வெச்சுட்டேன். வேறென்னத்தச் சொல்றது? அவனே வெயில்ல கெடந்து சாவறான். இங்க சோறு எறங்கலைன்னு அவன்கிட்டச் சொன்னா அவன் அங்க சோறு திம்பானா? செரிங்க, போன வெச்சரட்டுங்களா?"

அவர் கேட்கும்போது லைன் துண்டாகி வெகுநேரம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்து மறுபடி போன் போட்டு ஒன்றை அமுக்கினார். மோட்டார் உறுமியது. இரண்டை அமுக்கினார். கேள்வி வந்தது. "அதான் சொன்னேனுங்களே," என்று லேசாகச் சிரித்துவிட்டு, மழை இல்லாததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ஜோதிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மனிதர் மோட்டாரை ஓட்டி ஓட்டி நிறுத்துகிறார். ரெண்டு காயில் எரிந்தது அவளுடைய ஒரு வரியால். பேப்பரில் வருவதற்காக, கண்காட்சியில் சிரிப்பதற்காக அவள் ஒட்டி வைத்த கேள்வி அது. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் பதில் சொல்லாமல் போவது அந்தச் சீமையில் வழக்கமே இல்லை. கேட்டது பெட்டியாக இருந்தால் என்ன, கேட்டாயிற்றே.

உள்ளே போய் நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை அடையாளம் கண்டுகொள்வார். அப்போது அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, சத்தம் இல்லாமல் திரும்பி நடந்தாள். அதை மரியாதை என்றுதான் அப்போது நினைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி மதியழகனுக்குப் போன் போட்டாள். கம்பெனியிலிருந்து என்றதும் அவன் எரிந்து விழுந்தான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்ததும் அவனாகவே இறங்கி வந்தான்.

"அம்மா போனதுல இருந்து எங்கப்பாவுக்குப் பேச்சே போயிருச்சுங்க. நான் தெனமும் கூப்பிடறேன். ம்ம்ங்கறாரு, செரிங்கறாரு, வெச்சரட்டுமாங்கறாரு. அவ்வளவுதான். அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு அந்த மோட்டாரு ஓடறத வெச்சுத்தானுங்க தெரியுது. மோட்டாரு ஓடுச்சுன்னா, செரி, எழுந்து நடமாடறாருன்னு நெனச்சுக்குவேன்."

உங்கப்பா பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார் என்று ஜோதிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெற்ற மகனிடம் சொல்லாததை ஒரு பெட்டியிடம் சொல்கிறார் என்று எப்படிச் சொல்வது? அவன் தாங்குவானா? தெரிந்துபோயிற்று என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? "நான் பாத்துக்கறேன் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜெயபிரகாஷிடம் மறைக்க வழியில்லை. மறைத்தால் மறுப்பு பேப்பருக்குப் போய்விடும். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கப்பாவும் கடைசியில இப்படித்தானுங்கக்கா இருந்தாரு," என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது. "அக்கா, இத அப்படியே ஒரு வீடியோவா எடுத்தா என்னங்க? அவரு அந்தக் கல்லு மேல உக்காந்து மோட்டாருகூடப் பேசறாரு. பாக்கறவங்க அழுதுருவாங்க. அந்தப் பையன் போட்ட வீடியோ இருக்கற எடம் தெரியாமப் போயிரும்."

சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனை. ஜோதியின் தொழில்புத்தி ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைப்புகூட வந்துவிட்டது. அது வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"வேண்டாங்க சார். அதை மொதல்ல பாக்கறது அவரு மவனா இருப்பான். அப்புறம் ஊரே பாக்கும். சந்தைக்குப் போனா, என்னங்க, மோட்டாரு சாப்டுச்சுங்களான்னு கேப்பாங்க. அந்த மனுசன் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவாரு?"

"அப்ப மறுப்பாவது போடுங்க. நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. அவருதான அமுக்கினாரு?"

"அமுக்க வெச்சது நாமதானுங்க. ஒத்தையில இருக்கற மனுசன்கிட்டச் சாப்டீங்களான்னு கேட்டுப்போட்டு, ஏன் பதில் சொன்னேன்னு அவரு மேல பழி போடலாமுங்களா?"

"கேட்டது மெசினுங்கக்கா!"

"அது அவருக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் சொல்றாரு." அவள் எழுந்து நின்றாள். "அந்தக் குரல் என்னோடதுங்க சார். அதை வெச்சு அவர ஊர் சிரிக்க வெக்கறதா இருந்தா, எல்லாப் பெட்டியில இருந்தும் என் குரல எடுத்துப் போடுங்க. நானும் போயிக்கறேன்."

அவள் அந்த மாதிரிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. வேலை போனால் அந்தத் திங்கட்கிழமை 'வணக்க'மும் போய்விடும் என்பது தெரிந்துதான் பேசினாள். ஜெயபிரகாஷ் எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் வந்து, "என்னமோ பண்ணுங்க" என்றார்.

மறுநாள் பேப்பரில் கடைசிப் பத்தியாக அல்ல, முழுச் செய்தியாகவே வந்தது. 'ஸ்டார்ட்டரின் குரல் சேவையில் இருந்த குறை ஒன்றால் குறிப்பிட்ட வாடிக்கையாளரின் மோட்டார் அடிக்கடி ஓடி நின்றது கண்டறியப்பட்டுள்ளது. அந்தக் குறை எல்லாப் பெட்டிகளிலும் நீக்கப்படுகிறது. வாடிக்கையாளருக்குப் புதிய மோட்டார் பொருத்தித் தரப்படும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான். அதை மெச்சத்தான் ஆள் இல்லை. தப்பை ஒத்துக்கொண்டுவிட்டீர்களே என்று டீலர்கள் திட்டினார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள் அந்தச் செய்தியைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். மதியழகன் தன் வீடியோவை நீக்கிவிட்டு, 'நியாயம் கிடைத்தது' என்று இன்னொன்று போட்டான். கதிர் கம்ப்யூட்டரில் இருந்தபடியே எல்லாப் பெட்டியிலிருந்தும் அந்தக் கேள்வியை நீக்கினான். அடுத்து வரும் பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரே குரல் கொடுத்துவிடும் என்று ஜெயபிரகாஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "செரிங்க சார்," என்றாள்.

புது மோட்டாரை ஏற்றிக்கொண்டு கதிர் கிளம்பியபோது ஜோதியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

பெரியசாமி வேலிக்கடவைத் திறந்துவிட்டார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. மோரு குடிக்கறீங்களா?"

பேசாமல் தலையாட்டிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், பழக்க தோஷத்தில், "இருக்கட்டுங்க" என்றுவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறிச் சரியாகப் போட்டுக்கொண்டார். கதிர் மோட்டார் ரூமுக்குள் போகும்வரை காத்திருந்தார்.

"பெட்டியில பேசறது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"நாம இந்தப் பக்கம் பேசறது..." குரலைத் தாழ்த்தினார். "அது அந்தப் பக்கம் கேக்குமுங்களா?"

"கேக்காதுங்க. அது எப்பவோ பேசிப் பதிஞ்சு வெச்சது. கேட்டு முடிச்சதும் லைன் கட்டாயிரும்."

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. "நல்லதாப் போச்சுங்க. நான் பாட்டுக்கு என்னத்தையாவது ஒளறீட்டு இருப்பேன்."

"இனிமே அந்தக் கேள்வி வராதுங்க. எடுத்துட்டமுங்க."

"நான் அடிக்கடி போட்டதுனாலயா?" அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "மோட்டாரு சூடேறுறது எனக்குத் தெரியாம இல்லீங்க. இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கான்னு போட்டுருவேன். பையன்கிட்டச் சொல்லிப் போட்டீங்களா?"

"யாருகிட்டயும் சொல்லலீங்க. எங்க மேல தப்புன்னு பேப்பர்ல போட்டாச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதிர் வேலையை முடித்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சோதித்தான். மோட்டாரு ஓடுதுங்க என்றது பெட்டி. தண்ணீர் பீறிட்டு வந்து தொட்டியில் விழுந்தது. இரண்டை அமுக்கினான். "மோட்டார நிறுத்தீட்டனுங்க." அத்தோடு லைன் நின்றது. மூன்று பேரும் இன்னும் எதையோ கேட்பதற்காக நிற்பதுபோல நின்றார்கள். பிறகு கதிர் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான்.

பெரியசாமி வண்டிவரைக்கும் கூடவே வந்தார். ஜோதி ஏறி உட்கார்ந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, அப்ப இத்தன நாளும் நான் பேசினது யாருக்குமே கேக்கலீங்களா? ஒரு நாளுகூடவா?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நல்லதாப் போச்சு என்ற அதே மனிதர்தான் கேட்டார். இல்லீங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பாதி உண்மையைப் பதமாகச் சொல்வதில் அவளுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய அவளால் ஆகவில்லை.

"ஒரு நாள் கேட்டேனுங்க," என்றாள். "போன வாரம் பஸ்ல வந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன். நீங்க பேசி முடிக்கறவரைக்கும் நின்னு கேட்டேனுங்க."

அவர் கூசிப்போவார், கோபப்படுவார் என்று நினைத்து, மன்னித்துவிடுங்கள் என்பதைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தாள். அவர் திரும்பி வேலியைப் பார்த்தார். அவள் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடுகிறவர்போலப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு," என்றார், "உள்ள வராமப் போயிட்டீங்களே சாமி."

அதில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க வைத்திருந்த சொல் அதற்குப் பொருந்தவில்லை. கதிர் வண்டியைக் கிளப்பினான். அவர் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.